கடையைக் குடியரசாக்கிய வணிகர்: கோட்லீப் டுட்வைலரின் அரசியல் வாழ்வு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)

இந்த அறக்கட்டளையின் முதல், ஒரு மளிகைக் கடையின் சேமிப்பு என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் மளிகைக் கடைக்காரரின் மகன். பற்றுவரவு நோட்டும் தராசுத் தட்டும் பார்த்து வளர்ந்தவன். அதனால் எதைப் பற்றிப் பேசுவது என்பது கடிதத்தைப் படித்த அன்றே முடிவாகிவிட்டது.

சுவிட்சர்லாந்தில் கோட்லீப் டுட்வைலர் என்று ஒரு மளிகை வணிகர் இருந்தார். 1888 ஆகஸ்ட் 15 அன்று சூரிச்சில் பிறந்தார். 1962 ஜூன் 8 அன்று மறைந்தார். மக்கள் செல்லமாக அவரை டுட்டி என்றே அழைத்தார்கள். அந்நாட்டின் மிகப் பெரிய கடைத்தொகுதியான மிக்ரோவை நிறுவியவர். இடையில் மூன்றாண்டு நீங்கலாக, 1935 முதல் சாகும்வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

வணிகத்தில் வென்றவர் அரசியலுக்கு வரும்போது, "இத்தனை பெரிய கம்பெனியை நடத்தியவனுக்கு நாட்டை நடத்தத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டு வருவதை எல்லா நாட்டிலும் பார்க்கிறோம். டுட்வைலர் போன திசை அதற்கு நேர் எதிரானது. தம் கம்பெனியை அவர் ஒரு நாடாக்கிவிட்டார். அரசியல் சட்டம், மாநிலங்கள், வாக்குச்சீட்டு எல்லாம் உள்ள நாடாக, தாம் பிறந்த சுவிட்சர்லாந்தின் அச்சிலேயே வார்த்தார். அவருடைய அரசியல் சாதனையை நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம்தான் அகப்படும். அது அவர் கடையின் விதித்தொகுப்புக்குள் இருக்கிறது. இன்று நான் நிறுவ விரும்புவது இந்த ஒரு கருத்தைத்தான். அதை ஆறு படிகளில் சொல்கிறேன்.

1. லாரியில் வந்த கடை

டுட்வைலரின் தந்தை சூரிச் நகர உணவுப்பொருள் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகி. ஆகவே கூட்டுறவு என்பது பையனுக்குப் புத்தகத்தில் படித்த சொல்லன்று. வீட்டில் புழங்கிய சொல். ஆனால் அவர் தந்தையின் வழியில் போகவில்லை. மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அதன் பங்குதாரராக உயர்ந்தார். முதல் உலகப் போர்க்காலத்தில் நாடு நாடாகப் போய்க் காப்பி, எண்ணெய், கொழுப்பு என்று கொள்முதல் செய்தார். போருக்குப் பின் விலைகள் சரிந்தன; 1923இல் நிறுவனத்தை மூட வேண்டிவந்தது. இருந்ததை இழந்தார். பிரேசிலுக்குப் போய் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை, விரைவிலேயே ஊர் திரும்பினார்.

அவரிடம் மிஞ்சியது ஒரு கணக்கு. துறைமுகத்தில் காப்பிக்கொட்டை என்ன விலை என்று அவருக்குத் தெரியும். சூரிச் கடையில் அதே காப்பிக்கு இல்லத்தரசி என்ன கொடுக்கிறாள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருந்த தொலைவு அவரைத் தூங்கவிடவில்லை.

1925 ஆகஸ்டில் ஒரு லட்சம் பிராங்க் முதலீட்டில் மிக்ரோ தொடங்கியது. பெயரில் கடைசியில் ஒரு 'ஸ்' எழுதுவார்கள்; பேச்சில் மிக்ரோதான். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் நிற்பது என்பது அந்தப் பெயரின் பொருள். கடைக்கென்று கட்டடம் இல்லை. ஐந்து ஃபோர்டு லாரிகள். காப்பி, அரிசி, சர்க்கரை, மாவுப்பண்டம், தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என்று ஆறே சரக்கு. நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். எந்த லாரி எங்கே எத்தனை மணிக்கு வரும் என்று அச்சிட்ட அட்டவணை. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். விலையை முழுத்தொகையாக வைத்துக்கொண்டு, பொட்டலத்தின் எடையை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்தார்கள். சில்லறை எண்ணும் நேரம் மிச்சம். அந்த நேரமும் காசுதானே!

எதிர்ப்பு உடனே வந்தது. பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் அவருக்குச் சரக்குத் தர மறுத்தார்கள். 1928 முதல் அவரே உற்பத்தியில் இறங்கினார். ஹாக் என்ற புகழ்பெற்ற காப்பிக்குப் போட்டியாக ஸாவ்ன் என்ற காப்பியைக் கொண்டுவந்தார். ஜெர்மன் மொழியில் ஹாக் என்றாலும் வேலிதான், ஸாவ்ன் என்றாலும் வேலிதான். இப்படிப்பட்ட காரியங்களால் அவர் நீதிமன்றம் ஏறியது பல முறை. ஒவ்வொரு வழக்கையும் அவர் பொதுமேடையாக்கினார். வாடிக்கையாளரோடு விலையைப் பற்றி மட்டுமல்லாமல் நியாயத்தைப் பற்றியும் பேச முடியும் என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். அரசியல்வாதி உருவாகத் தொடங்கியதும் அங்கேதான் என்பேன்.

2. யாரையும் கேட்காத ஒரு சட்டம்

இந்த உரையின் திருப்புமுனை 1933. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உலகப் பொருளாதார நெருக்கடி சுவிட்சர்லாந்தையும் பிடித்திருந்த நேரம். சிறு கடைக்காரர்கள் திணறினார்கள். பல கிளைக் கடைகளும் பேரங்காடிகளும் தங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் இலேசாகப் பேச மாட்டேன். அதை என் தந்தையின் முகத்தில் பார்த்திருக்கிறேன். டுட்வைலரைப் போற்றி எழுதுகிறவர்கள் சிலர் அக்காலத்துச் சிறு கடைக்காரர்களை வில்லன்களாக்கிவிடுகிறார்கள். அது நியாயமல்ல. அவர்களும் குடும்பம் காப்பாற்றியவர்கள்தாம்.

நாடாளுமன்றம் அவர்கள் குரலுக்குச் செவிசாய்த்தது. 1933 அக்டோபர் 14 தேதியிட்ட கூட்டாட்சித் தீர்மானம், பேரங்காடிகளும் கிளைக் கடைகளும் புதிதாகத் திறப்பதையும் இருப்பதை விரிவாக்குவதையும் தடுத்தது. இரண்டாண்டுக்கு என்று வந்த தடை, நீட்டித்து நீட்டித்து 1945 முடியும்வரை நின்றது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த மிக்ரோ, இருந்த இடத்தில் பன்னிரண்டு ஆண்டு கட்டிப்போடப்பட்டது. சில கன்டோன்கள், அதாவது மாநிலங்கள், விற்பனை லாரிகள்மீது தனியே வரியும் கட்டுப்பாடும் விதித்தன.

தடையைவிட முக்கியம் அது வந்த வழி. சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால், அந்தக் காலத்தில் 30,000 குடிமக்கள் கையெழுத்திட்டு அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். அந்நாட்டு மக்களாட்சியின் உயிர்நாடி அந்த உரிமை. ஆனால் ஒரு தீர்மானத்தை அவசரமானது என்று நாடாளுமன்றம் அறிவித்துவிட்டால், அந்தக் கதவு மூடிக்கொள்ளும். முப்பதுகளில் இந்த அவசர வழி வழக்கமான வழியாகிப் போயிற்று. கிளைத் தடையும் அப்படித்தான் வந்தது. காப்பியைக் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விவசாயிக்குச் சங்கம் இருந்தது. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. கடைக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் இருந்தது. எல்லோர் செலவையும் கடைசியில் சுமக்கிற நுகர்வோருக்கு மட்டும் நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை. டுட்வைலருக்கு இது தம் கடையின் பிரச்சினையாகத்தான் தொடங்கியது; அதை மறைப்பானேன்? ஆனால் தம் பிரச்சினைக்குள் குடிமக்களின் பிரச்சினை ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார். அதுதான் அவரை மற்ற வணிகர்களிடமிருந்து பிரிக்கிறது. சலுகை கேட்டு அமைச்சர் வீட்டு வாசலில் நிற்காமல், 1935 அக்டோபர் தேர்தலில் சுயேச்சைகள் என்ற பெயரில் ஒரு பட்டியலை நிறுத்தினார். ஏழு இடங்கள் கிடைத்தன.

அதே 1935இல் அவர் ஹோட்டல்பிளான் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். நெருக்கடியால் விடுதிகள் காலியாகக் கிடந்தன. இன்னொரு பக்கம், விடுமுறைக்கு வெளியூர் போக வசதியில்லாத உழைக்கும் மக்கள். ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே குறைந்த விலை வைத்து இரண்டையும் இணைத்தார். லாரியில் சோப்பு விற்ற அதே கணக்கு. கட்சிக்காரர்கள் நெருக்கடியைப் பற்றி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது அவர் அறைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவசர வழியின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1949 செப்டம்பர் 11 அன்று, வேறொரு குழுவினர் கொண்டுவந்த மக்கள் முன்மொழிவு ஒன்று மயிரிழையில் வென்று, மக்களைக் கேட்காத அந்த வழிக்குக் கடிவாளம் போட்டது.

3. நாடாளுமன்றத்தில் ஒரு வணிகர்

கட்சி வேண்டாம் என்று தொடங்கியவர், 1936 டிசம்பர் 30 அன்று கட்சி தொடங்கினார். ஜெர்மனில் லாண்டெஸ்ரிங் என்பார்கள். தமிழில் சுயேச்சையாளர் அணி என்று சொல்லலாம். 'டி டாட்', அதாவது 'செயல்', என்ற பத்திரிகை 1935இல் வார இதழாக வந்து 1939இல் நாளிதழானது.

இந்த அணி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோன முன்மொழிவுகளைப் பாருங்கள். வேலைக்கான உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதச் சொன்னது ஒன்று. 1946இல் தோற்றது. பொருளாதார ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான முன்மொழிவு 1958 ஜனவரியில் தோற்றது. வாரத்துக்கு 44 மணிநேர வேலை என்ற முன்மொழிவு அதே ஆண்டு அக்டோபரில் தோற்றது. மூன்றும் பெரிய தோல்விகள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு முதலாளி, வேலை நேரத்தைக் குறை என்று நாட்டு மக்களிடம் கையெழுத்து வாங்கியதை நாம் இன்னொரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆதிக்கக் கூட்டுகளைப் பற்றிய முன்மொழிவு தோற்றாலும், அது எழுப்பிய விவாதம் அடங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் முதல் கார்ட்டெல் சட்டம் 1962 டிசம்பரில் நிறைவேறியது. அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

1948இல் நடந்தது எல்லோரும் சொல்லும் கதை. போர்க்காலத்தில் பட்ட அனுபவத்தால், நெருக்கடிக்கென்று உணவு இருப்பு சேர்த்து வைக்க வேண்டும் என்று அவர் கொடுத்த தீர்மானம் விவாதத்துக்கே எடுக்கப்படாமல் கிடந்தது. பொறுமையிழந்து, பெர்ன் நகரத்து நாடாளுமன்றக் கட்டட ஜன்னலில் கல்லெறிந்தார். அறுபது வயது உறுப்பினர் செய்கிற காரியமா என்று பத்திரிகைகள் பொங்கின. நான் அதைப் போற்றவில்லை. ஆனால் கடல்வழி அடைபட்டால் ஒரு மலைநாட்டின் தட்டில் என்ன மிஞ்சும் என்று கொள்முதல்காரராகவே அறிந்த ஒரு மனிதரின் ஆற்றாமை அந்தக் கல்லில் இருந்தது. மறு ஆண்டு சூரிச் மக்கள் அவரை மேலவைக்கே அனுப்பினார்கள்.

4. கொடுத்துவிட்டவர்

இனி என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன்.

மிக்ரோ ஒரு பங்கு நிறுவனம். நல்ல லாபத்தில் நடந்தது. டுட்வைலருக்கும் அவர் மனைவி அடெலேவுக்கும் குழந்தைகள் இல்லை. 1940–41இல், ஐரோப்பா முழுவதும் போர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்கள் அந்த நிறுவனத்தைக் கூட்டுறவாக மாற்றி வாடிக்கையாளர்களிடம் கொடுத்துவிட்டார்கள். வாங்க வந்தவர்கள் உடைமையாளர்கள் ஆனார்கள். பங்குச் சான்று அவர்களுக்கு இலவசமாகவே தரப்பட்டது.

கொடை என்ற அளவில் இதைப் பாராட்டிவிட்டு நகர்வது எளிது. அவர் கொடுத்த வடிவத்தைப் பார்க்க வேண்டுகிறேன். எல்லாவற்றையும் ஒரே அறநிலையத்தில் போட்டுப் பூட்டியிருக்கலாம்; அப்படிச் செய்யவில்லை. வட்டாரத்துக்கொரு கூட்டுறவு, ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம். இவை சேர்ந்து மேலே ஒரு கூட்டமைப்பு. சுவிஸ் மக்கள் தங்கள் கூட்டாட்சி அரசைக் குறிக்கும் 'பண்ட்' என்ற அதே சொல்லை அந்தக் கூட்டமைப்பின் பெயரிலும் வைத்தார். வட்டாரங்கள் அனுப்பும் பேராளர்களின் அவை ஒன்று. அதற்கும் மேலே, உறுப்பினர் எல்லோரும் நேரடியாக வாக்களிக்கும் பொது வாக்கெடுப்பு. எத்தனை ஆயிரம் பிராங்குக்குச் சாமான் வாங்கினாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. கன்டோன்கள், கூட்டாட்சி, மக்கள் வாக்கெடுப்பு என்று சுவிஸ் அரசமைப்பின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 1933இல் நாடாளுமன்றம் எந்தக் கதவை மூடியதோ, அதே கதவைத் தம் கடைக்குள் திறந்து வைத்தார்.

அந்தக் கதவு வழியே யார் உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். 1959இல் ஆண்கள் வாக்களித்து அதை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் மறுத்திருந்தார்கள். ஆனால் கூட்டுறவு உறுப்பினராக இருக்கவும் அங்கே வாக்களிக்கவும் பெண்ணுக்குத் தடை இல்லை. நாட்டின் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாத ஒரு பெண், தான் சர்க்கரை வாங்கும் நிறுவனத்தின் கணக்கை ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று எழுதி அனுப்ப முடிந்தது. 1957இல் மிக்ரோ பெண் உறுப்பினர்களின் தனி அமைப்பும் உருவாயிற்று. அன்றைய சுவிட்சர்லாந்தில் இது சின்ன விஷயமில்லை.

அரசு என்று ஆனபின் கடமைகளும் வரவேண்டுமல்லவா? 1942இல் உறுப்பினர்களுக்கு ஒரு வார இதழ், 'பாலம் கட்டுவோர்' என்ற பெயரில். 1944இல் கிளப் பள்ளி. எளிய கட்டணத்தில் அயல்மொழி கற்பிக்கத் தொடங்கி, பின்னர் முதியோர் கல்வியின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சூரிச் ஏரிக்கரையில் ரூஷ்லிகோன் என்ற ஊரில் தம் சொந்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குப் பூங்காவாக்கினார். 1957இல் விதித்தொகுப்பிலேயே ஒரு பிரிவு நுழைந்தது: விற்பனையில் ஒரு குறிப்பிட்ட விகிதம் ஆண்டுதோறும் பண்பாட்டுக்கும் கல்விக்கும் சமூகப் பணிக்கும் போக வேண்டும். லாபம் வந்தால் கொடுப்போம் என்பதன்று. விற்றாலே கொடுக்க வேண்டும். மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். லாபத்தில் பங்கு என்றால் கெட்ட ஆண்டில் முதலில் வெட்டு விழுவது இசைக்கும் நூலகத்துக்கும்தான். விற்பனையில் பங்கு என்றால் அது வரியைப் போல நிற்கும்.

மதுவும் புகையிலையும் மிக்ரோ விற்பதில்லை என்ற வழக்கமும் இந்தக் குடியரசின் சட்டமாயிற்று. அதற்குப் பின்னால் வருகிறேன்.

5. நிறுவனரின் நிழல்

இந்த மனிதரை நான் நேசிக்கிறேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். நேசிப்பதாலேயே குறையையும் சொல்ல வேண்டும்.

அணியின் செலவையும் நாளிதழின் செலவையும் பெரும்பாலும் மிக்ரோதான் தாங்கியது. ஒரு வணிக நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் கட்சி யாருக்குப் பதில் சொல்லும்? எதிராளிகள் கேட்டார்கள், சரியான கேள்விதான். கட்சிக்குள்ளேயே அவர் ஒற்றையாளாக முடிவெடுக்கிறார் என்ற குமுறல் முற்றி 1943இல் பிளவில் முடிந்தது. வாக்குச்சீட்டைக் கடைக்குள் கொண்டுவந்தவருக்கு, தம் எதிரில் உட்கார்ந்து மறுத்துப் பேசுகிறவரைப் பொறுத்துக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

அவருக்குப் பின் அணி சிறிது காலம் வளர்ந்தது. 1967இல் 16 இடங்கள் வென்றது, அதுதான் உச்சம். பிறகு இறங்குமுகம். 'டி டாட்' 1978இல் நின்றது. மிக்ரோவின் பண உதவி சுருங்கச் சுருங்கக் கட்சி மெலிந்து, 1999இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. நுகர்வோரின் கட்சி என்று பிறந்தது, நுகர்வோர் பாதுகாப்பு எல்லாக் கட்சிகளின் பேச்சிலும் கலந்த பிறகு தன் தனித்தன்மையை இழந்தது என்பது ஒரு காரணம். சொந்தக் காலில் நிற்க அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

கடைக்குள்ளே இருந்த குடியரசுக்கும் சோதனை வந்தது. 1980இல் 'மிக்ரோ வசந்தம்' என்ற எதிரணி உறுப்பினர் தேர்தலில் இறங்கியது. நிறுவனம் வளர்ச்சிமோகத்தில் நிறுவனரின் கொள்கையை மறந்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர்களில் முன்னின்ற ஹான்ஸ் பெஸ்டலோட்சி, டுட்வைலர் பெயரால் ரூஷ்லிகோனில் இயங்கும் ஆய்வு நிறுவனத்தை நடத்தி, அங்கிருந்து நீக்கப்பட்டவர். எதிரணி தோற்றது. நாற்பது ஆண்டுகளாக இருந்த வாக்குரிமை முதல்முறையாக உண்மையான போட்டியைக் கண்டது அப்போதுதான். போட்டியில்லாமல் ஆண்டுதோறும் அனுப்பப்படும் வாக்குச்சீட்டு வெறும் சடங்காகிவிடும் என்ற ஆபத்து எந்தக் கூட்டுறவுக்கும் உண்டு. என் கருத்தை மறுக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் கையை வைக்க வேண்டும். நானே பல ஆண்டுகள் இங்கே தயங்கி நின்றிருக்கிறேன்.

6. 2022 ஜூன்

என் தயக்கத்தை நீக்கிய நிகழ்ச்சியைச் சொல்லி உரையை முடிக்கிறேன்.

மது விற்பதில்லை என்ற விதியை நீக்கலாமா என்ற கேள்வி பேராளர் அவையில் எழுந்தது. வணிகக் கணக்குப்படி பார்த்தால் நீக்க வேண்டியதுதான். போட்டிக் கடைகள் விற்கின்றன. மிக்ரோ குழுமத்துக்குச் சொந்தமான டென்னர் கடைகளிலேயே மது விற்கப்படுகிறது. ஒரு சாதாரண நிறுவனத்தில் இயக்குநர் கூட்டத்தில் ஒரு மாலையில் முடிந்திருக்கும் விஷயம். ஆனால் விதித்தொகுப்பைத் திருத்த உறுப்பினர்களைக் கேட்டாக வேண்டும். வட்டாரம் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் வாக்குச்சீட்டு போயிற்று. இந்த முறை அது சடங்காக இல்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சாப்பாட்டு மேசையிலும் பத்திரிகையிலும் வாதாடினார்கள். நிறுவனர் இறந்து சரியாக அறுபதாண்டு ஆகியிருந்தது.

முடிவை முன்கூட்டி அறிய முடியாததால், மிக்ரோ இரண்டு பியர்களுக்குப் பெயர் தேர்ந்து வைத்திருந்தது. 'ஆம்' என்ற பொருள்பட 'வீ' என்று ஒன்று, மது கலந்தது. 'இல்லை' என்ற பொருள்பட 'நோன்' என்று மற்றொன்று, மது கலவாதது. மக்கள் எதைச் சொல்கிறார்களோ அது கடைக்கு வரும்.

பத்து வட்டாரங்களில் ஒன்றில்கூட மாற்றத்துக்குப் பாதி வாக்கும் கிடைக்கவில்லை. கடை அலமாரிக்கு வந்தது 'நோன்'.